ரூ.38,500 போச்சு: "லேப் கொலாஜன்" பேக்கேஜ் கட்டப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, கோபத்துல டைப் பண்றேன். "எங்க பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது மேடம்"னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. பேரைப் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்கார், அதனால போடலை. திருச்சியில, துணிக்கடைங்க நெருக்கியடிக்கிற ரோட்டுல, மாடியில ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஸ்கின் கிளினிக். லேப்ல தயாரிச்ச கொலாஜனை (தோலை இறுக்கமா வச்சிருக்கிற புரதம்) முகத்துல ஏத்துறோம்னு சொல்லித்தான் பணம் வாங்கினாங்க. செருப்பை வாசல்லயே கழட்டச் சொல்லுவாங்க, உள்ளே போனதும் கிரீன் டீ தருவாங்க. அந்த வகையறா.

நான் பி.டி. டீச்சர். கிரவுண்டுலயே காய்ஞ்ச முகம் இது. ரெண்டு கன்னத்துலயும் மங்கு, நெத்தியில கோடு, கண்ணோரம் சுருக்கம். வர்றவங்ககிட்ட பேசி பேக்கேஜ் விக்கிற "கவுன்சிலர்" பொண்ணு என் முகத்தை ஒரு மெஷினுக்குள்ள வச்சு ஊதா வெளிச்சத்துல போட்டோ எடுத்துக் காட்டுச்சு. முகம் பூரா கரும்புள்ளி. நான் அதைப் பார்த்துட்டு பேசாம இருந்தேன். அப்ப அது என் கையைப் பிடிச்சுத் திருப்பி, முழங்கைக்கு உள்பக்கம் வெயிலே படாத இடத்தைக் காட்டி, "அக்கா, இதுதான் உங்க நிஜத் தோல். வெயில் திருடினதை நாங்க திருப்பித் தர்றோம்"னு சொல்லுச்சு. என் கையை விடவே இல்லை. கார்டை நீட்ட வச்சது அந்த ஒரு நிமிஷம்தான்.

சொன்ன விஷயத்துல பாதி உண்மைங்கிறதுதான் இதுல விஷமே. வெயில்ல இருக்கிற யுவிஏ கதிர் தோலோட அடி அடுக்கு வரைக்கும் போகும், அங்க கொலாஜனை அறுக்கிற என்சைம்களைக் கிளப்பி விடும். உண்மை. மனுஷ கொலாஜனோட ஜீனை ஈஸ்ட்டுக்குள்ளயோ பாக்டீரியாவுக்குள்ளயோ வச்சு லேப்ல கொலாஜன் தயாரிக்கிறாங்க. அதுவும் உண்மை. "மாட்டுத்தோல் இல்லை, மீன் செதில் இல்லை, சுத்த சைவம் அக்கா"ன்னுச்சு. சீனாவுல 2021-ல இப்படித் தயாரிச்ச கொலாஜன் ஒண்ணை முகச் சுருக்கத்துக்கு ஊசியா போட அனுமதிச்ச செய்தியை டேப்லெட்ல காட்டுச்சு. அந்தச் செய்தியும் நிஜம்தான். ஆனா அந்த மருந்துக்கும் என் முகத்துல போட்டதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு அப்ப யார் சொன்னா?

ஆறு சிட்டிங், வீட்டுக்கு ஒரு கிட், மொத்தம் ரூ.38,500. இ.எம்.ஐ. போட்டுக் கொடுத்தாங்க. அதே டேப்லெட்ல விரலால தள்ளித் தள்ளி ஒரு கையெழுத்து. ரூ.38,500-ஐ சம்பளத்துல எத்தனை மாசம் பிடிச்சு பிடிச்சுச் சேர்க்கணும்னு டீச்சர் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும்.

முதல் சிட்டிங்ல மரத்துப்போற கிரீம் தடவி, ஊசி ஊசியா இருக்கிற ஒரு பேனாவை முகம் பூரா ஓட்டி, மேல ஆம்பூலை (சின்னக் கண்ணாடிக் குப்பியில வர்ற திரவம்) ஊத்தித் தேய்ச்சாங்க. டாக்டர்னு யாரும் ரூமுக்குள்ள வரலை. அந்த வாரமே கன்னம் எரிஞ்சு சிவந்துச்சு, சிவப்பு அடங்கின இடமெல்லாம் முன்னாடி இருந்த மங்கை விடக் கருப்பா நிக்குது. போட்டோ அனுப்பினேன். "பர்ஜிங் மேடம், உள்ளே இருக்கிற அழுக்கு வெளிய வருது." அடுத்த போட்டோவுக்கு, "வெயில்ல போகாதீங்கன்னு சொன்னோமே மேடம்." பி.டி. டீச்சர்னு ஃபார்ம்ல முதல் வரியிலயே எழுதியிருக்கேன்! நேர்ல போனா மேனேஜர் லீவு. திரும்பப் போனா மேனேஜர் வேற பிராஞ்ச்ல. கடைசியா ரிசப்ஷன்ல, "பணம் வராது மேடம், வேணும்னா மீதி சிட்டிங்கை ஹேர் ஸ்பாவா மாத்திக்கலாம்." முகம் கருகினவளுக்கு ஹேர் ஸ்பா.

வீட்டுக்கு வந்து கிட்டைப் பிரிச்சேன். அட்டைப்பெட்டி மேல ஒட்டின ஸ்டிக்கர்ல கிளினிக் பேர். நகத்தால சுரண்டி எடுத்தா அடியில வேற கம்பெனி, வேற நாடு. இறக்குமதிப் பதிவு எண் எங்கயும் இல்லை. ஆம்பூல் கண்ணாடியில எறும்பு எழுத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? "வெளிப்பூச்சுக்கு மட்டும்." அதைத்தான் ஊசியால குத்தி உள்ளே இறக்கியிருக்காங்க. சேர்மானத்துல முதல்ல தண்ணி, அடுத்து கிளிசரின், எங்கயோ கீழ "ஹைட்ரோலைஸ்டு கொலாஜன்." ஃபார்மசி படிக்கிற அண்ணன் பையன் சிரிச்சுட்டான். "அத்தை, இந்தப் பேர்ல வர்றது பெரும்பாலும் மீன், மாட்டுலேர்ந்து எடுத்து உடைச்சதுதான். லேப்ல வளர்த்ததுன்னா அதைப் பெருமையா போட மாட்டாங்களா?"

ஜி.எச். தோல் ஓ.பி.க்குப் போனேன். அஞ்சு ரூபாய் கூடச் செலவில்லை. கொலாஜன் மூலக்கூறு சுமார் 3,00,000 டால்டன் (மூலக்கூறு எடையோட அளவு), தோல் உள்ளே விடுறது ஏறக்குறைய 500 டால்டன் வரைக்கும்தான், அதனால முழு கொலாஜனைப் பூசினா மேலயே உட்கார்ந்து ஈரப்பதம் தரும், அவ்வளவுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. உடைச்ச துண்டு கொஞ்சம் சின்னது, ஆனா அது போய் அறுந்த கொலாஜனுக்குப் பதிலா உட்கார்ந்துக்காது. நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறத்துல ஊசிக் காயம் பட்டா கருமை தட்டுறது சகஜமாம். வெயில் கெடுத்த தோலுக்கு வருஷக்கணக்கா நிரூபிச்ச மருந்து டிரெடினாய்ன் கிரீம், அதையும் டாக்டர் சொல்ற அளவுல, ராத்திரியில மட்டும். அதுக்கும் முன்னாடி சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவுல 900 பேருக்கு மேல நாலரை வருஷம் பார்த்து 2013-ல வெளியிட்டாங்களாம், தினமும் பூசினவங்களுக்கு தோல் முதுமை கூடுறது தெரியவே இல்லையாம். மங்குக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசா கலர் இருக்கிற சன்ஸ்கிரீன் இன்னும் நல்லதாம். இதுக்கா ரூ.38,500?

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே ரிகர்சல், முடியலை. சுருக்கமா: ஆம்பூலைக் கையில வாங்கிப் படிக்காம நாற்காலியில சாயாதீங்க. ஊசி பிடிக்கிறவங்க டாக்டரான்னு பதிவு எண் கேளுங்க. முழுப் பணத்தை ஒரேயடியா கட்டாதீங்க, அதுவும் இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். பெட்டி, பில், வாட்ஸ்அப் எதையும் தூக்கிப் போடாதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் கொடுத்து, புகார் நம்பர் வாங்கிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. ஒரே மாதிரி ஏமாந்தவங்க சேர்ந்து ஒரே மனுவா போடலாம்னு வக்கீல் சொல்றார். திருச்சி, தஞ்சாவூர், கரூர் பக்கம் யாராவது இந்த "லேப் கொலாஜன், சுத்த சைவம்" பேச்சைக் கேட்டுப் பணம் கட்டியிருந்தா, பில்லோட இன்பாக்ஸுக்கு வாங்க. எனக்கு இ.எம்.ஐ. இந்த மாசமும் பிடிச்சுட்டாங்க.