கோடைக் குட்டையா, மழைக்காலக் குட்டையா?

இறால் குட்டையில் வைரஸால் வரும் வெண்புள்ளி நோயைப் பொறுத்தவரை, எந்தப் பருவம் பாதுகாப்பு என்று கேட்டால் என் ஓட்டு கோடைக்குத்தான். தண்ணீர் 32, 33 டிகிரியில் நின்றால் வனாமி என்ற வளர்ப்பு இறாலின் உடலில் அந்த வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைகிறது. ஆய்வகச் சோதனைகளில் தொற்று ஏற்றிய இறால்கள்கூட அந்தச் சூட்டில் பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் வைரஸ் ஒழிவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால் மறுபடி கிளம்பிவிடும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் அந்தக் காப்பு போய்விடுகிறது. நீரின் சூடு 26, 27க்கு இறங்கும், உப்பும் சட்டென்று குறையும். தீவனத் தட்டு தின்னாமல் அப்படியே மேலே வரும், இறால் சோர்ந்து கரையோரம் ஒதுங்கும், தலை ஓட்டை உரித்தால் உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். 3 முதல் 10 நாளுக்குள் குட்டையே காலியாகலாம்.

சரி, கோடையில் ஆபத்தே இல்லையா? உண்டு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவும் கொழிக்கும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவில் விடியும்வரை நிறுத்தவே கூடாது.