உப்பு தாங்கும் காட்டுத் தக்காளி: மூன்றில் எதை நம்பலாம்?

பயிர்த் தக்காளிக்கு உப்பு தாங்கும் குணத்தைக் கடன் வாங்க மூன்று காட்டுத் தக்காளிகளைப் பார்க்கலாம்: காலபகோஸ் தீவுச் செடி, சோலானம் பென்னெல்லி, சோலானம் பிம்பினெல்லிஃபோலியம். பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது காலபகோஸ் தீவுச் செடிதான். 1976இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரஷ், எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைச் சத்துக் கரைசலில் வளர்த்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடல்நீர் அளவுக்கே கொண்டுபோனார்கள். செடி சாகவில்லை. கூடவே வைத்த பயிர்த் தக்காளி பெரும்பாலும் பாதிக் கடல்நீர் அளவைத் தாண்டவில்லை.

அருமையான சோதனைதான். ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. மண்ணில் எவ்வளவு உப்பு என்பதை அதன் மின்கடத்துத்திறனை வைத்து அளப்பார்கள். அது மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பயிர்த் தக்காளியின் விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் போய்விடும். கடல்நீரின் அளவு 50ஐ ஒட்டி இருக்கும். அந்த உப்பில் யாரும் தக்காளி போடப்போவதில்லை. விவசாயியின் தலைவலியெல்லாம் 4, 6, 8 என்ற எண்களில்தான். ஆகவே எந்தச் செடி அதிக உப்பில் உயிரோடு இருக்கிறது என்பதைவிட, எதன் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவர முடியும் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

தாங்கும் விதத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. பயிர்த் தக்காளி சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் தடுக்கப் பார்க்கும். தடுப்பு உடைந்ததும் இலை கருகும். காலபகோஸ் செடியும், பெருவின் வறண்ட சரிவுகளில் வளரும் சோலானம் பென்னெல்லியும் சோடியத்தை உள்ளே விட்டு, இலைச் செல்லின் வாக்குவோலில் (செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில்) அடைத்து வைக்கின்றன. அது அங்கே நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது; அதற்கென்று தனியாகச் சர்க்கரை தயாரித்துச் செலவழிக்க வேண்டியதில்லை. இலையில் சோடியம் குறைவாக இருந்தால் நல்ல செடி என்று தேர்ந்தெடுக்கப் போனால், இந்த இரண்டும் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும்.

காலபகோஸ் செடி பயிரோடு எளிதாகக் கலக்கும். விதைதான் முரண்டு பிடிக்கும். அப்படியே போட்டால் அவ்வளவு சீக்கிரம் முளைக்காது. 1961இல் ஆய்வாளர்கள் சார்ல்ஸ் ரிக்கும் பௌமனும் அதைத் தீவின் ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்து, வெளியே வந்த விதை நன்றாக முளைப்பதைக் காட்டினார்கள். ஆமை இல்லாதவர்கள் வீட்டு பிளீச்சில் சரிபாதி நீர் கலந்து, விதையை அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி விதைக்கிறார்கள். உறை மெலிந்து முளை வருகிறது. சரி, முளைத்தாயிற்று. அப்புறம் பார்த்தால் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக, சுண்டு விரல் நுனி அளவுக்குத்தான்.

பென்னெல்லியோடு வேலை செய்வது இன்னும் கடினம். பயிர்த் தக்காளி தாயாக இருந்தால்தான் கலப்பு நடக்கும். திருப்பிச் செய்தால் பென்னெல்லியின் சூல்தண்டு மகரந்தத்தை நிராகரித்துவிடும். பழம் பழுத்தாலும் பச்சைதான், தின்ன ஆகாது. ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது. 1995இல் ஏஷெத், ஸமீர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பென்னெல்லியின் குரோமோசோம் துண்டுகளைப் பயிருக்குள் ஒவ்வொன்றாக வைத்து 50 வரிசைகள் (தனித்தனிச் செடி வழிகள்) உருவாக்கினார்கள். எந்தத் துண்டு என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க இப்படியொரு வசதி கிடைத்தது பெரிய விஷயம். 2014இல் இதன் மரபணுத் தொகுதியும் வெளிவந்தது. ஆராய்ச்சிக்கு இது, வயலுக்கு நேரே கொண்டுபோக அல்ல.

நான் பந்தயம் கட்டினால் சோலானம் பிம்பினெல்லிஃபோலியத்தின் மேல்தான் கட்டுவேன். பெரு, ஈக்வடார் கரையோரத்துச் செடி, பயிருக்கு மிக நெருங்கிய உறவு, பழம் சிவப்பு, எந்தப் பக்கமும் தடையில்லாமல் கலக்கும். கடல்நீர் வீரம் எல்லாம் இதற்கில்லை. நடுத்தர உப்பில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் வகைகள் இதில் உண்டு, நமக்கு வேண்டியதும் அதுதான். பழத்தின் சின்ன அளவு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு வரும். பல தலைமுறை பிற்கலப்பு (பயிரோடே திரும்பத் திரும்பக் கலப்பது) செய்துதான் கழிக்க வேண்டும்.

சிலி நாட்டு சோலானம் சிலென்சேவைச் சிலர் சொல்வார்கள். கருவைக் குடுவையில் எடுத்து வளர்த்தால்தான் கலப்பே கிடைக்கும் என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

பழ அளவுத் தொல்லையைச் சுற்றிப்போக ஒரு வழி இருக்கிறது: காட்டுச் செடியின் ரத்தம் கலந்த வரிசையை வேர்ச்செடியாக வைத்து, மேலே நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டுவது. பிம்பினெல்லிஃபோலியம், காலபகோஸ் இரண்டின் கலப்பு வரிசைகளையும் வேர்ச்செடியாக வைத்து ஸ்பெயினில் செய்த ஆய்வுகளில், உப்புநீர் பாய்ச்சியபோது கிடைக்கும் விளைச்சலில் வேர்ச்செடிக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆனால் இங்கே கணக்கு மாறிவிடும். சோடியத்தை இலையில் அடைக்கும் திறமை வேரில் இல்லை. மேலே இருப்பது பயிர்த் தக்காளியின் இலை. சோடியத்தைத் தாராளமாக ஏற்றி அனுப்பும் வேர் அந்த இலையைத்தான் முதலில் கருக்கும். ஒட்டுக்கட்ட நினைப்பவர் ஏழாம் குரோமோசோமில் இருக்கும் எச்கேடி மரபணுக்களைக் கவனிப்பது நல்லது. சைலத்தில் (வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாயில்) மேலே ஏறும் சோடியத்தைப் பாதி வழியில் மீட்டெடுப்பது அவற்றின் வேலை.