ஸ்னோடெல் ரிவ்யூ: ரிசார்ட் சொல்ற இஞ்ச் கணக்க நம்பாதவங்களுக்கு

டிசம்பர் வந்துட்டா நம்ம ஸ்கீ குரூப்ல ஒரே சண்டைதான், யூட்டாவா கொலராடோவா, கலிஃபோர்னியா சியெரா மலைல இருக்கற டாஹோ இந்த வருஷம் தேறுமா தேறாதா, ஈஸ்ட் கோஸ்ட்ல இருக்கவன் எதுக்கு ஃப்ளைட் டிக்கெட் போடணும் வெர்மான்ட்டே போதாதான்னு. ஆளாளுக்கு அவங்கவங்க ரிசார்ட் பேஜ்ல இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்ட எடுத்துப் போட்டு "பாத்தியா எங்க பேஸ் டெப்த்த (தரைல கெடக்குற ஸ்னோவோட ஆழம்)"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். இப்போ எங்க போறதுன்னு முடிவு பண்ண நான் பாக்குறது ஸ்னோடெல் மட்டும்தான், மலைல கெடக்குற ஸ்னோவ தானா அளந்து சொல்ற ஸ்டேஷன் நெட்வொர்க். அமெரிக்க விவசாயத் துறைக்குக் கீழ வர்ற என்.ஆர்.சி.எஸ். (இயற்கை வளப் பாதுகாப்பு சர்வீஸ்) நடத்துறது, காசு கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. இதுல தமாஷ் என்னன்னா இது ஸ்கீ போறவங்களுக்காக வெச்சதே இல்ல, கோடைல ஆத்துல எவ்ளோ தண்ணி வரும், பாசனத்துக்கு எவ்ளோ மிஞ்சும்னு கணக்குப் போட வெச்சது. நமக்கு ஓசில கெடைக்குது.

அலாஸ்காவையும் சேத்து மேற்கு மாநிலங்கள்ல 900க்கு மேல ஸ்டேஷன் இருக்கு, எல்லாம் மலைக்காட்டுக்குள்ள மரத்துக்கு நடுவுல சின்னச் சின்ன வெட்டவெளில. தரையில பெரிய தட்டையான ஒரு பை, அதுக்குள்ள உறையாத திரவம். மேல ஸ்னோ சேரச் சேர அழுத்தம் ஏறும், அதை வெச்சு மேல கெடக்குற ஸ்னோல மொத்தம் எவ்ளோ இஞ்ச் தண்ணி இருக்குன்னு சொல்லிரும். பக்கத்துல கம்பத்துல ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், அது ஆழத்த அளக்கும். மணிக்கு ஒரு தடவ டேட்டா வரும். இப்போ செல் நெட்வொர்க், சாட்டிலைட்னு ஆயிருச்சு, ஆனா முன்னாடி இந்த டேட்டாவ எப்படி அனுப்புனாங்க தெரியுமா, வானத்துல எரிஞ்சு போற எரிகல் விட்டுட்டுப் போற தடத்துல ரேடியோ சிக்னல அடிச்சுத் திருப்பி வாங்கிருக்காங்க! இதைப் படிச்சப்பவே எனக்கு இந்த சர்வீஸ் மேல ஒரு மரியாதை வந்துருச்சு.

சரி இந்தத் தண்ணிக் கணக்கு நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. விஷயமே அதுலதான் இருக்கு. ஒரு இஞ்ச் தண்ணி பத்து இஞ்ச் ஸ்னோவா விழுந்தா அதுல தண்ணி பத்து பர்சன்ட், பர்சன்ட் ஏற ஏற ஸ்னோ கனம். யூட்டால சராசரியா எட்டு, எட்டரை பர்சன்ட் இருக்கும், கொலராடோல கிட்டத்தட்ட அதே இல்லனா இன்னும் கொஞ்சம் கம்மி, கலிஃபோர்னியா சியெராவுல பன்னெண்டு, சமயத்துல அதுக்கும் மேல. ரிசார்ட் பேஜ்ல யூட்டா, டாஹோ ரெண்டு இடத்துலயும் "புதுசா 12 இஞ்ச்"னுதான் இருக்கும். ஆனா டாஹோல அந்தப் பன்னெண்டு இஞ்ச்ல எறங்குனீங்கன்னா ஸ்கீ முனை உள்ள போய் மாட்டிக்கும், ஒவ்வொரு டர்னுக்கும் தொடை கதறும், மத்தியானத்துக்குள்ள ஆள் காலி. அதே பன்னெண்டு இஞ்ச் யூட்டால முழங்காலச் சுத்தி சத்தமே இல்லாமப் பறக்கும். சியெரா சிமென்ட்னு சும்மாவா பேர் வெச்சாங்க. பசிபிக்ல இருந்து ஈரத்தோட வர்ற காத்து மொத மோதுற பெரிய மலை அது, வெப்பநிலையும் பாதி நேரம் ஜீரோகிட்டயேதான் நிக்கும், அப்புறம் வெயிட்டாத்தான் விழும். அதே காத்து நெவாடா பாலைவனத்தத் தாண்டி யூட்டா போறதுக்குள்ள காஞ்சு குளிர்ந்து போயிருது.

இதுக்காக டாஹோவ மட்டம் தட்டல. 2022-23 சீசன்ல டானர் பாஸ்ல இருக்கற சென்ட்ரல் சியெரா ஸ்னோ லேப்ல 754 இஞ்ச் ஸ்னோ பதிவாச்சு, கனமான ஸ்னோங்கறதால பாறையெல்லாம் சீக்கிரம் மூடிரும், செங்குத்தான சரிவுலயும் நல்லா ஒட்டிப் பிடிக்கும். பிரச்சினை எங்கன்னா அட்மாஸ்பெரிக் ரிவர், அதாவது கடல்ல இருந்து ஆறு மாதிரி நீளமா ஈரத்த அள்ளிட்டு வர்ற காத்து, வர்றப்போ. டாஹோல இருக்கற பாலிசேட்ஸ் ரிசார்ட்டோட அடிவாரம் 6,200 அடிதான், புயல் கொஞ்சம் சூடா வந்துட்டா மேல ஸ்னோ கீழ மழை. ரிசார்ட் ரிப்போர்ட் மேல விழுந்தத மட்டும் போட்டுட்டு அமைதியா இருந்துரும். இங்கதான் ஸ்னோடெல் கிராஃப் கை குடுக்கும், ஆழம், தண்ணி ரெண்டோட கோட்டையும் ஒண்ணா பாருங்க: ரெண்டும் ஏறுதுன்னா ஸ்னோ, ஆழம் மட்டும் மெதுவா இறங்கி தண்ணி அப்படியே நிக்குதுன்னா விழுந்த ஸ்னோ அமுங்குது, தண்ணிக் கோடு ஏறுது ஆழக் கோடு இறங்குதுன்னா மழை பேஞ்சிருக்கு, டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. மவுண்ட் ரோஸ் ஸ்கி ஏரியான்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு, டாஹோ போறவங்க அதையும் அதவிட தாழ்வான இடத்துல இருக்கற இன்னொரு ஸ்டேஷனையும் சேத்துப் பாத்தாலே எந்த உயரம் வரைக்கும் மழைன்னு ஒரு ஐடியா வந்துரும்.

யூட்டால ஸ்னோவுக்குப் பேர் போன ஆல்டா ரிசார்ட் அதே 2022-23ல 903 இஞ்ச் பாத்துச்சு. ஆனா யூட்டான்னா எல்லாமே ஆல்டா இல்லீங்க. ஒரு முகடு தாண்டி இருக்கற பார்க் சிட்டில நல்லாவே கம்மியாத்தான் விழும், ஆல்டா இருக்கற லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கோட வாய் இருக்கற திசையும் உயரமும் வடமேற்குல இருந்து வர்ற புயலுக்கு அப்படி வாகா அமைஞ்சிருக்கு. ஆல்டாவுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்னோபேர்ட் ஸ்டேஷனையும் பார்க் சிட்டி பக்கம் இருக்கற தேன்ஸ் கேன்யன் ஸ்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சுப் பாருங்க, யூட்டா நல்லா இருக்குன்னு பொத்தாம்பொதுவா பேசுறவங்க வாயடைச்சுப் போவாங்க.

கொலராடோ வேற கதை. உயரம் ஜாஸ்தி, பிரெக்கன்ரிட்ஜ்ல லிஃப்டே 12,800 அடிக்கு மேல போகுது, அதனால விழுந்தது கெடாம இருக்கும், குரூமிங் பண்ண (மெஷின் வெச்சு சமப்படுத்துன) ரன்னெல்லாம் ஜனவரில அருமையா இருக்கும். ஆனா ஒவ்வொரு புயலும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடும், சீசன் ஆரம்பத்துல மெல்லிசா கெடக்குற ஸ்னோ குளிர்ல சக்கரை மாதிரி பொலபொலன்னு ஆயிரும், அது மேல அடுத்த புயல் வந்து ஒக்காந்தா பனிச்சரிவு அபாயம். ரிசார்ட் எல்லைக்கு வெளிய போறவங்க கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டர் ரிப்போர்ட்ட பாக்காம போகவே கூடாது, அந்த வேலைய ஸ்னோடெல் செய்யாது. வாஷிங்டன் பக்கம் மவுண்ட் பேக்கர் 1998-99ல 1,140 இஞ்ச்னு உலக ரெக்கார்டே வெச்சிருக்கு, ஆனா உச்சியே 5,000 அடிய ஒட்டித்தான், மழைக்கும் ஸ்னோவுக்கும் நடுவுல ரெண்டு டிகிரிதான் வித்தியாசம்.

இப்போ ரிசார்ட் ரிப்போர்ட்ட ஏன் இப்படித் திட்டுறேன்னா, டார்ட்மவுத்ல ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதையே ஆராய்ச்சியா பண்ணிருக்காங்க, ரிசார்ட்டுங்க வீக்கெண்ட்ல 23 பர்சன்ட் அதிகமா புது ஸ்னோ விழுந்ததா ரிப்போர்ட் பண்ணிருக்கு! மேகத்துக்கு சனிக்கிழமைன்னு தெரியுமா என்ன. ஸ்கீ பண்றவங்களே லிஃப்ட்ல ஒக்காந்து ரிப்போர்ட் போடுற ஐஃபோன் ஆப் வந்தப்புறம், போன் சிக்னல் நல்லா கெடைக்குற ரிசார்ட்டுங்கள்ல அந்த மிகைப்படுத்தல் நல்லா கொறஞ்சதாவும் அதுலயே இருக்கு. எனக்கே ஒரு தடவ நடந்துச்சு, பேர் வேண்டாம், காலைல எட்டு இஞ்ச்னு மெசேஜ் அனுப்புனாங்க, அவங்களோட சொந்த கேமராலயே அளவுக் குச்சி மூணுலதான் நின்னுச்சு. கேட்டா மலை உச்சில வேற ஒரு எடத்துல அளந்தோம்னு பதில்.

குறைக்கு வருவோம். மொதல்ல, ஈஸ்ட் கோஸ்ட்காரங்களுக்கு இது சுத்தமா யூஸ் இல்ல, வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர்ல இந்த நெட்வொர்க்கே கிடையாது. அங்க மவுண்ட் மான்ஸ்ஃபீல்ட்ல 1954ல இருந்து ஒரே குச்சிய வெச்சு அளந்துட்டு வர்றாங்க, அதையும் கோகோராஸ்னு தன்னார்வலர்கள் அளக்குற மழை ஸ்னோ டேட்டாவையும் வெச்சு ஓட்டணும். அதுலயும் அங்க ஆழத்த விட முக்கியம் போன வாரம் மழை பேஞ்சு அப்புறம் உறைஞ்சுதாங்கறதுதான், "ஃப்ரோசன் கிரானுலர்"னு போட்டிருந்தா ஐஸ்னு அர்த்தம், ஸ்கீயோட எட்ஜ நல்லா ஷார்ப் பண்ணிட்டுப் போங்க. ரெண்டாவது, ஸ்டேஷன் எல்லாம் காத்து படாத எடத்துல இருக்கறதால முகட்டுல காத்தடிச்சு பாறை வரைக்கும் துடைச்சு விட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மூணாவது, சென்சார் அப்பப்போ பைத்தியம் புடிச்ச மாதிரி ஒரு மணி நேரத்துல நாப்பது இஞ்ச் விழுந்துச்சுன்னு காட்டும், அந்த நேரத்துல தண்ணிக் கோடு அசையலன்னா கண்டுக்காதீங்க.

அப்புறம் அந்தக் கலர் மேப். ஸ்னோல இருக்கற தண்ணிய, அதே தேதிக்கு 1991-2020 வருஷங்களோட மீடியனோட (நடு அளவு) ஒப்பிட்டு பர்சன்ட் போடுவாங்க, நவம்பர்ல ஏதோ ஒரு பேசின் (ஆத்துப் படுகை) 200 பர்சன்ட்னு நீலமா ஜொலிக்கும், உடனே குரூப்ல குதிக்க ஆரம்பிச்சுருவாங்க. அந்த சமயத்துல மீடியனே ஒரு இஞ்ச் தண்ணிதான், ரெண்டு இஞ்ச் இருந்தாலே 200 பர்சன்ட், ஸ்கீ ஓட்டுனா கல்லுதான் தட்டும். பர்சன்ட விட்டுட்டு நேரா இஞ்ச பாருங்க, ஜனவரி நடுவுக்கு மேலதான் அந்த மேப்புக்கு மதிப்பு.

போன்ல தொறந்தா மேப் நகரவே அழுவுது, பட்டன் எல்லாம் எறும்பு சைஸ், வேணுங்கற கிராஃப எடுக்க நாலு மெனு உள்ள போகணும். அதுக்கு ஒரு ஸ்டார் கட், அஞ்சுக்கு நாலு. லேப்டாப்ல வேணுங்கற ஸ்டேஷன் பேஜ எல்லாம் புக்மார்க் பண்ணி வெச்சுக்கிட்டீங்கன்னா இந்தத் தொல்லை இல்ல, வியாழக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம் போதும் வீக்கெண்ட் எங்கன்னு முடிவு பண்ண.