மலையக வர்த்தகர்களின் கவனத்திற்கு: காலாவதியான சட்டத்தைக் கட்டணத்துக்கு விற்கும் கருத்தரங்கு

“தொழில் மற்றும் வரிச் சட்டங்களில் ஏற்பட்டுள்ள அண்மைக்கால மாற்றங்கள்” என்ற தலைப்பில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளிலுள்ள சிறு வர்த்தகர்களுக்கு வாட்ஸ்அப் மூலம் அழைப்பு அனுப்பி, ஒருவருக்கு 9,500 ரூபாய் அறவிட்டு நடத்தப்பட்ட ஒரு முழுநாள் கருத்தரங்கைப் பற்றி இதை எழுதுகிறேன். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதில் கலந்துகொண்டேன். முறைப்பாடு செய்துள்ளதால், நடத்திய நிறுவனத்தின் பெயரையோ பேசியவரின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் இதே அழைப்பு இப்போது பண்டாரவளை, பதுளைப் பக்கத்து வர்த்தகர்களுக்கும் போய்க்கொண்டிருப்பதாக அறிந்ததால், அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஹட்டனில் பேக்கரி நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். கடந்த சில ஆண்டுகளில் சம்பளம், ஓய்வு வயது, வரி என்று சட்டங்கள் அடுத்தடுத்து மாறியிருக்கின்றன. கொழும்பிலுள்ள பெரிய நிறுவனங்களுக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆகவே, அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவர் தமிழில் விளக்குவார், கேள்விகளுக்குப் பதிலளிப்பார், கையேடு ஒன்றும் தரப்படும் என்று அழைப்பில் இருந்ததைப் பார்த்தபோது, இப்படியொன்று மலையகத்துக்கு வருவது நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

அன்று பேசியவர் சட்டத்தரணி அல்லர். தேநீர் இடைவேளையில் நேராகக் கேட்டபோது, தான் முகாமைத்துவ ஆலோசகர் என்றும், வருவதாக இருந்த சட்டத்தரணிக்கு வேறு வேலை வந்துவிட்டது என்றும் சொன்னார். உரை பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. திரையில் காட்டியதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏற்பாட்டாளர்களில் ஒரு தம்பி இடையிடையே இரண்டொரு வரியைத் தமிழில் சொல்லிச் சமாளித்தார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழில் மட்டுமே சட்ட விடயங்களைப் பின்தொடரக்கூடியவர்கள், தமிழில் என்று சொல்லித்தான் அவர்களிடம் பணம் வாங்கப்பட்டது. அழைப்பில் சொன்னதைத் தராதது இதுவரை வெறும் ஏமாற்று. கையேட்டைத் திறந்த பிறகு தெரியவந்தது அதைவிடப் பாரதூரமானது.

சுருள்கம்பி போட்டுக் கட்டிய அந்தக் கையேட்டின் அட்டையில் 2025 என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே, பிரதியெடுத்துப் பிரதியெடுத்து மங்கிப்போன பக்கங்கள். தேசிய குறைந்தபட்ச சம்பளம் மாதம் 12,500 ரூபாய் என்று அதில் இருந்தது. அது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் தொகை. அதன் பின் 2024இல் அது 17,500 ரூபாயாக உயர்ந்தது. 2025இல் நிறைவேறிய திருத்தத்தின்படி 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,080 ரூபாய் என்றும், 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,200 ரூபாய் என்றும் ஆனது. கருத்தரங்கு நடந்த நாளில், கையேட்டின் தொகைக்கும் சட்டத்தின் தொகைக்கும் இடையே ஒரு ஊழியருக்கு மாதம் 14,500 ரூபாய் வித்தியாசம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 வீதம் 27,000 ரூபாய்க்கு 3,240 ரூபாய். கையேட்டை நம்பினால் 1,500 ரூபாய்தான் போய்ச் சேரும். குறைவாகக் கட்டிய நிலுவைக்கு, தாமதத்தைப் பொறுத்து 5 வீதம் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும் என்பதை அந்த நாள் முழுவதும் யாரும் வாயால் கூடச் சொல்லவில்லை. முதலாளிக்கு அது தண்டப் பணம். ஊழியருக்கோ, அது ஓய்வுபெறும்போது கையில் கிடைக்காமல் போகும் சேமிப்பு.

வரி பற்றிய பகுதியும் இதே கதைதான். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு வருமான எல்லை 80 மில்லியன் ரூபாய் என்றார்கள். 2024 ஜனவரி 1 முதலே அது 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டு, வீதமும் 15இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. 2021இன் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறைக்கு ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்க, கையேடு 55 என்றது.

எனக்கு உண்மையிலேயே மனம் கொதித்தது இன்னொரு இடத்தில். தலவாக்கலைப் பக்கம் சிற்றுண்டிச்சாலை நடத்தும் ஒரு அக்கா எழுந்து, தன் லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பதினைந்து வயதுப் பிள்ளையொன்றை வேலைக்குச் சேர்க்கும்படி தாய் கேட்கிறார், சேர்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பேசியவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து, “பதினான்கு வயது முடிந்திருந்தால் பிரச்சினையில்லை” என்றார். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021ஆம் ஆண்டின் திருத்தத்தால் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருப்பதை நான் எழுந்து சொன்னேன். அது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்று சாதித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போவதைத் தடுக்க எத்தனையோ ஆசிரியர்களும் பெற்றோரும் போராடும் ஊரில், சட்டம் சொல்லித்தருகிறேன் என்று வந்தவர், பணம் வாங்கிக்கொண்டு, சட்டம் தடுப்பதைச் செய்யலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த அக்காவை மதிய உணவின்போது பார்த்து விளக்கினேன். மற்றவர்களில் எத்தனை பேர் அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்களோ.

மாலையில் விற்பனை தொடங்கியது. ஆண்டுக்கு 45,000 ரூபாய் கட்டி உறுப்பினரானால், மாதந்தோறும் சட்ட மாற்றங்கள் அனுப்பப்படும், பொன்னிற முத்திரை பதித்த “சட்ட இணக்கச் சான்றிதழ்” ஒன்றும் தரப்படும், தொழில் திணைக்களத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தால் அதைக் காட்டினால் போதும் என்றார்கள். இது அப்பட்டமான பொய். அப்படியொரு சான்றிதழை எந்தத் தொழிற்சட்டமும் ஏற்பதில்லை. பரிசோதனைக்கு வரும் தொழில் உத்தியோகத்தர் பார்ப்பது சம்பளப் பதிவேடு, வரவுப் பதிவேடு, சேமலாப நிதிக்குப் பணம் செலுத்தியதைக் காட்டும் ‘சி’ படிவங்கள் ஆகியவற்றைத்தான். என் கண்ணெதிரே சிலர் முற்பணம் கொடுத்தார்கள். மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு அழைத்தபோது, “அடுத்த கருத்தரங்கில் உங்களுக்கு இலவசமாக ஓர் இடம் தருகிறோம், ஐயா” என்பதே கிடைத்த ஒரே பதில். பிறகு அந்த இலக்கம் என் அழைப்புகளை எடுப்பதில்லை.

சட்டக் கருத்தரங்குகள் எல்லாமே இப்படி என்று நான் சொல்லவரவில்லை. இலங்கை முதலாளிமார் சம்மேளனம் போன்ற அமைப்புகள் முறையாகப் பயிற்சிகள் நடத்துகின்றன, இந்த ஊருக்கும் அத்தகையவை வர வேண்டும். ஆனால் பணம் கட்டுமுன், பேசப்போகும் சட்டத்தரணியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். எந்த மொழியில் நடக்கும் என்பதையும், எந்தெந்தச் சட்டங்களின் எந்த ஆண்டுத் திருத்தங்கள் விளக்கப்படும் என்பதையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்குபவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்கள் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. அவற்றையும் வர்த்தமானிகளையும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே பதிவிறக்கலாம். வரி குறித்த சந்தேகங்களுக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கமும், சம்பளம், சேமலாப நிதி குறித்தவற்றுக்கு ஹட்டன் தொழில் அலுவலகமும் இருக்கின்றன.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்திருக்கிறேன். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதால், இதே கருத்தரங்கில் கலந்துகொண்டவர்கள் தாமதிக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்தில் விசாரித்து, பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் அழைப்பின் பிரதி, கையேடு மூன்றையும் இணைத்து எழுத்தில் கொடுங்கள். அந்தக் கையேட்டைப் பார்த்துச் சம்பளத்தையோ சேமலாப நிதியையோ கணக்கிட்டவர்கள் இருந்தால், முறைப்பாட்டுக்கு முன்பே தொழில் அலுவலகத்துக்குச் சென்று நிலுவையைக் கணக்கிட்டு, ஊழியர்களுக்குரியதைக் கொடுத்துவிடுங்கள்.