கஞ்சாவும் பதற்றமும்: ஒன்பது சிட்டிங் கவுன்சிலிங் எப்படி? 5-க்கு மூன்றரை

பல வருஷமாகக் கஞ்சா இழுப்பவர் பதற்றம், மனச்சோர்வு என்று கவுன்சிலிங் போனால் அடிக்கடி இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. "முதல்ல அதை விட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் கஞ்சா பேச்சையே எடுக்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள். இரண்டுமே காசுக்குக் கேடு. ஊக்க உரையாடலும் (மாற வேண்டும் என்ற விருப்பத்தை அவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சு) சி.பி.டி.யும் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) கலந்து, பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது சிட்டிங்காக நடத்தும் முறை கஞ்சாவையும் பதற்றத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

முதல் இரண்டு சிட்டிங்கில் யாரும் "நிறுத்து" என்று சொல்லக்கூடாது. வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, மாசம் பொட்டலத்துக்கு எவ்வளவு பணம் என்று கணக்கு எடுப்பார்கள். கூடவே மனச்சோர்வை அளக்க PHQ-9 (27-க்கு), பதற்றத்தை அளக்க GAD-7 (21-க்கு) என்ற இரண்டு கேள்வித்தாள்கள். எதில் 10-ஐத் தொட்டாலும் கவனிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது சிட்டிங்கிலிருந்து வரும் டைரிதான் இந்த முறையின் உயிர். நேரம், இடம், இழுக்கும் முன் பதற்றம் 10-க்கு எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மறுநாள் காலையில் எவ்வளவு. ஒரு வரி இப்படி இருக்கும்: "மாலை 6.40, மொட்டை மாடி, 7, 3, காலை 8." இப்படிப் பத்து வரி சேர்ந்தால், மருந்து என்று நினைத்தது மறுநாள் பதற்றத்துக்கு வட்டி போட்டுக்கொண்டிருப்பது அவர் கையெழுத்திலேயே தெரியும். எந்த அறிவுரைக்கும் இந்த வேகம் கிடையாது. டைரி கேட்காத கவுன்சிலரிடம் காசு கொடுத்து உட்காருவதில் அர்த்தமில்லை.

பலர் கழன்றுகொள்வது நிறுத்திய முதல் வாரத்தில். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கக் கோளாறும் விசித்திரக் கனவுகளும் ஒரு மாசம்கூட இழுக்கும். இதை நாள் கணக்கோடு முன்கூட்டியே சொல்லாவிட்டால், "பழைய நோய் திரும்பிடுச்சு" என்று மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். நிறுத்தி நாலு வாரம் கழித்து PHQ-9 திரும்ப எடுத்தால்தான் எது விலகல் அறிகுறி (பழக்கத்தை நிறுத்தியதால் வரும் தொல்லை), எது உண்மையான மனச்சோர்வு என்று பிரித்துப் பார்க்க முடியும். சிகரெட்டைப் பிரித்துக் கலந்து இழுப்பவர்களுக்கு நிகோட்டின் விலகலும் சேர்ந்துகொள்ளும்; அதற்குத் தனித் திட்டம் வேண்டும்.

கூப்பிடும் நண்பனை மறுக்கும் ஒத்திகையும் நல்ல பகுதிதான். "வேணாம்டா, விட்டுட்டேன்" என்பதோடு நிறுத்தப் பழக்குவார்கள். காரணம் சொன்னால் வாதம் வரும்.

ஒன்றரை மதிப்பெண் ஏன் குறைத்தோம்? 2004-இல் வெளியான, 450 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், நாலாம் மாசம் முழுதாக விட்டிருந்தவர்கள் ஒன்பது சிட்டிங் குழுவில் 22.6 சதவீதம், இரண்டு சிட்டிங் குழுவில் 8.6 சதவீதம். ஒன்பது மேல்தான், ஆனால் மந்திரக்கோல் இல்லை. நம்மூர்ச் சிக்கல் வேறு: அம்மாவோ அப்பாவோ முழு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்தால் டைரியில் பொய்தான் ஏறும். வீட்டாருக்குத் தனியாகப் பதினைந்து நிமிஷம் போதும். இழுத்துவிட்டு வந்த சிட்டிங்கும் வீண். பேசியது நினைவில் தங்காது.

காதில் குரல் கேட்பது, எல்லோர் மேலும் சந்தேகம் என்றிருந்தால் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவர் வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அங்கே முதலில் கவுன்சிலர், தேவைப்பட்டால் அடுத்த நிலை நிபுணர். தொடக்கத்துக்கு நல்ல வாசல். ஒன்பது சிட்டிங்குக்கு நேரில் ஒரே ஆளிடம் தொடர்வது நல்லது.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் ஒன்று கேளுங்கள்: "இன்னும் நிறுத்தலை, வரலாமா?" தயங்கினால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.