போட்டோக்கொப்பிக் கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள்

பெயர்ப்பலகையில் போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ரீலோட் என்று மட்டும்தான் இருக்கும். கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து இறங்குகிற ஒரு ஒழுங்கையில் உள்ள சின்னக் கடை, ஆனால் காயப்பட்டவர்கள் கொடுப்பனவுப் படிவம் நிரப்பத் தேடிப் போகிற இடம். பெயரைப் போட வேண்டாம் என்று கடை நடத்துகிற அக்கா சொன்னதால் போடவில்லை. சந்தைப் பக்கம் நின்று "படிவம் நிரப்புற அக்கா" என்று கேட்டால் ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

மாமாவுக்கு மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு எடுக்கத்தான் போனோம். மாதம் 5000 ஆக இருந்து, 7500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆன காசு. மாமா முன்னாள் போராளி. 2000 ஆம் ஆண்டில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, வெண்புறா என்ற செயற்கைக்கால் நிறுவனத்தில் கால் போட்டுக் கொடுத்தார்கள். 2009 மாசியில் புதுமாத்தளனில் செல் விழுந்து முதுகில் பீஸ் (செல் துண்டு) ஏறி, செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனார். அதற்குப் பிறகு முகாம், பிறகு முன்னாள் போராளிகளை அடைத்து வைத்த தடுப்பு. இவ்வளவுக்கும் அவர் கையில் மிஞ்சிய தாள், தடுப்பிலிருந்து விட்டபோது கொடுத்த கடிதம் ஒன்றுதான்.

முதலில் ஒரு தரகரிடம் 15,000 கொடுத்து ஏமாந்தோம். அவர் மாமாவின் சண்டைக் கதையை இரண்டு பக்கத்துக்கு உருக்கமாக எழுதிக் கொடுத்தார். வைத்தியர் படிவத்தில் "இடது கால் இல்லை" என்று ஒரே வரி. விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அக்கா அந்த இரண்டு பக்கத்தையும் பொறுமையாக வாசித்துவிட்டு மடித்து மாமாவின் கையிலேயே கொடுத்தார். "கதையை எனக்குச் சொல்லுங்கோ அண்ணை, கந்தோருக்கு வேண்டாம்." எந்தச் சண்டை, யார் சுட்டது என்று இந்தப் படிவம் கேட்பதில்லை, உடம்பால் என்ன முடியாது, வீட்டு வருமானம் எவ்வளவு, இதுதான் விஷயம். அப்புறம் கேட்கத் தொடங்கினார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவீர்களா? மலசலகூடத்தில் குந்த முடியுமா? எவ்வளவு தூரம் நடந்தால் பொய்க்கால் உரசிப் புண்ணாகும்? மழைக்குப் பிறகு வயல் வரம்பில்? இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்? மாமா எல்லாவற்றுக்கும் "சமாளிப்பன்" என்றுதான் பதில் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாமியைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ" என்றார். மாமி சொன்ன பாதி விஷயம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதையெல்லாம் அரைத் தாளில் சுருக்கி, வைத்தியரிடம் நீட்டச் சொன்னார். இந்த முறை வைத்தியர் படிவம் நிரம்பியே வந்தது.

கால் போனதற்கு அரச ஆஸ்பத்திரித் தாள் எதுவும் இல்லை, அது கண்ணுக்குத் தெரிகிற காயம், விட்டுவிடலாம் என்றார். முதுகு பீஸுக்குத்தான் தாள் வேண்டும். கப்பலில் போன திகதியைக் கணக்குப் பார்த்துத் திருகோணமலைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார், இரண்டு மாதத்தில் பிரதி வந்தது. அதில் மாமாவின் பெயர் எழுத்து மாறிக் கிடந்தது. சரி, அதற்குச் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி. புதிதாக எக்ஸ்றே எடுத்ததும் பீஸ் வெள்ளையாகத் தெரிந்தது. கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்தையும் அக்காவே வாசித்துச் சொன்னார். அவரும் தடுப்பில் இருந்த காலத்தில் பழகிய சிங்களமாம்.

அரச படையில் காயப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, படையினரின் நலனுக்கென்று 1999 இல் சட்டம் போட்டு உருவாக்கிய ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது. ஆனாலும் 12 வருடச் சேவை முடியுமுன் காயப்பட்டு விலகிய சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டு 2018 இல் கொழும்புக் கோட்டையில் வீதியில் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு கதவே கிடையாது, பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரின் மேசைதான். அந்த மேசைக்கு நல்ல தாளோடு போவதா வெறும் கண்ணீரோடு போவதா என்பதில்தான் அக்காவின் வேலை இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஊனமானவர்கள் தேடி வரும் கடைக்கு வாசலில் இரண்டு உயரப் படி! சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை வெயிலில் நிறுத்தி வைத்தே படிவம் நிரப்பினார். ஒரு பலகை போட எவ்வளவு நேரம் ஆகும்? கடை எட்டரைக்குத் திறக்கும் என்பார்கள், பத்தாகும். கரண்ட் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஏச்சும் விழும்.

படிவத்துக்கு 400 ரூபாய் வாங்குகிறார், கடிதத்துக்குத் தனியாக 200. காசில்லாதவர்களிடம் கேட்பதில்லை, அதை நானே கண்டேன். ஒன்று பிடித்தது: "எடுத்துத் தாறன்" என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை. காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது, இடம் வந்தால்தான் காசு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. மாமா வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அதையும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைக்கச் சொல்லிப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போகிறவர்கள் அடையாள அட்டை, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், பழைய கிளினிக் கொப்பி எல்லாம் கொண்டு போங்கள். எக்ஸ்றேயை மடிக்க வேண்டாம். வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.