சம இடமா, கூட்டத்துக்கேற்ற இடமா?

ஒரு பேரணியும் அதை எதிர்த்துத் திரண்ட மற்றொரு கூட்டமும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும்போது, செய்தி ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு. இரு தரப்புக்கும் சமமான இடம் தருவது ஒன்று. திரண்டவர்களின் அளவுக்கேற்பப் பகிர்ந்து தருவது மற்றொன்று.

சம இடம் தருவது எளிது. இங்கே ஒரு பேட்டி, அங்கே ஒரு பேட்டி என்று முடித்துவிடலாம். புகார் வந்தால் கணக்கையும் காட்டலாம். ஆனால் 2018 ஆகஸ்ட் 12 அன்று வாஷிங்டனில் வெள்ளை இனவாதிகள் கூட்டிய பேரணிக்கு ஏறத்தாழ 25 பேரே வந்தார்கள்; அவர்களை எதிர்த்து வந்தவர்களோ ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அன்று ஆளுக்குப் பாதி நேரம் ஒதுக்கிய செய்தியைப் பார்த்தவர், ஊர் இரண்டாகப் பிளந்து நிற்பதாகவே எண்ணியிருப்பார். நெருக்கத்தில் எடுத்தால் ஐந்து கொடிகளே திரையை நிரப்பிவிடும். ஐயாயிரம் கொடிகளாலும் அதே திரையைத்தான் நிரப்ப முடியும்.

அளவுக்கேற்ற இடம் என்ற வழியில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் அளவை யார் சொல்வது என்ற தகராறு அங்கே தொடங்குகிறது. 1995 அக்டோபரில் அதே நகரில் நடந்த கறுப்பின ஆண்களின் பெரும்பேரணிக்கு 4 லட்சம் பேர் வந்ததாக, பேரணி நடந்த திடலைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறை கணித்தது. பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள் அமைப்பாளர்கள். வான்வழிப் படங்களை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 8 லட்சத்தைத் தாண்டிய ஒரு எண்ணைச் சொன்னார்கள். வழக்குத் தொடரப்போவதாக அமைப்பாளர்கள் மிரட்டும் வரை போனபின், கூட்டத்தை எண்ணும் வேலையையே அத்துறை கைவிட்டது. தவிர, சிறு கூட்டத்தின் கோரிக்கை நியாயமானதாக இருக்கலாம் என்பதையும் இந்த வழி எளிதில் மறந்துவிடுகிறது.

வெட்டாத நேரலையை மூன்றாவது வழியாகச் சிலர் முன்வைக்கிறார்கள். 1951இல் அமெரிக்கப் படைத்தளபதி ஜெனரல் மெக்கார்தரை வரவேற்ற சிகாகோ ஊர்வலத்தைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டியபோது ஆரவாரம் ஓயவே இல்லை. தெருவில் நின்று பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததோ நெடுநேரக் காத்திருப்பும், அவருடைய கார் கடக்கும்போது எழுந்த சிறு கூச்சலும்தான். கேமராவை எங்கே திருப்புவது என்பதும் ஒரு வெட்டுதான். ஆகவே இந்த வழியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எந்த வழியும் பார்ப்பவரின் சந்தேகத்தைப் போக்கிவிடாது. 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வின்படி, செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாக இரு தரப்புமே உறுதியாக நம்பின. விஷயம் அதிகம் தெரிந்தவர்களே அதிகச் சாய்வைக் கண்டார்கள் என்பது இன்னும் சங்கடமான செய்தி.

இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் அளவுக்கேற்ற இடத்தையே நான் தேர்வேன். எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்பதைச் செய்தியிலேயே சொல்லி, முழுக் கூட்டமும் தெரியும்படி தொலைவிலிருந்து எடுத்த ஒரு படத்தையாவது காட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன். அதன்மீதும் புகார் வரும். ஆனால் புகார் சொல்பவர் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தானே எண்ணிப் பார்க்கலாம். சம இடம் தந்த செய்தியில் அவருக்கு எண்ணுவதற்கு ஒன்றுமே இருக்காது.